கேமிங் பிசி அப்கிரேடு செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்கும் சொந்தக்காரப் பையன்களுக்கும் பிசி அசெம்பிள் செய்து கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. காசு வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்வரும் அன்றைக்கு டீயும் பஜ்ஜியும் அவர்கள் செலவு, அவ்வளவுதான். ஏழெட்டு வருஷமாக வாட்ஸாப்பில் அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எந்த பார்ட்டை மாத்துனா கேம் நல்லா ஓடும்?

பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் வரும் படத்தை வரையும் பார்ட். அதற்கு அடுத்தது மற்றக் கணக்குகளைப் போடும் ப்ராசசர். ரேம் பற்றாக்குறையாக இருந்தால் மட்டுமே அதைக் கூட்டுவதில் பலன் உண்டு. 16 ஜிபி இருக்கிறவர் 32 ஆக்கினால் நிறைய கேம்களில் வித்தியாசமே தெரியாது. ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் லோடு ஆகும், ஆனால் ஓடும் வேகம் கூடாது. கலர் லைட் எரியும் ஃபேனால் எதுவும் ஆகாது. அதையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நல்ல கேமிங் பிசிக்கு எவ்வளவு ஆகும் அண்ணா? 50 ஆயிரம் போதுமா?

2025 நடுப்பகுதி வரை நான் சொல்லிவந்த கணக்கு இது: 1080பி, அதாவது சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டரில் பெரும்பாலான கேம்களை நிம்மதியாக ஆட, சிபியூ பெட்டிக்கு மட்டும் 60 ஆயிரம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விடும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் இதற்கு வெளியே. ரேம் விலை ஏறியதும் இந்தக் கணக்கு உடைந்தது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

50 ஆயிரத்தில் முடியாதா என்றால் முடியும். செகண்ட் ஹேண்ட் கார்டுக்குப் போக வேண்டியிருக்கும். எதைக் குறைத்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டியில், கை வைக்காதீர்கள்.

60 ஆயிரத்துல ஆரம்பிக்கிறவங்க எல்லாம் எப்படி ஒன்றரை லட்சத்துல போய் நிக்கிறாங்க?

என் கதையையே சொல்கிறேன். பில்களை எல்லாம் ஒரு பழைய இனிப்புப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். 2019-இல் ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 கார்டு என்று 58,000 ரூபாயில் முடித்தேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 படம் காட்டும்) மானிட்டரே போதுமென்று இரண்டு வருஷம் சந்தோஷமாக ஆடினேன். 2021-இல் நண்பன் வீட்டில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். மவுஸை நகர்த்தினால் திரை வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அடுத்த மாதமே 1080பி-யைவிட அதிகப் பிக்சல் (புள்ளிகள்) உள்ள 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று 17,500 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்தது.

அதுவரை குறையே தெரியாத 1660 இப்போது மூச்சு வாங்கியது. 2022 கடைசியில் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி கார்டு, 38,000. ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்து மாட்டப் பார்க்கிறேன், உள்ளே போகவில்லை. அம்மாவின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். கேபினட்டுக்குள் இடம் 29 செ.மீ., கார்டு 31 செ.மீ. ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றிவிடலாம் என்று பார்த்தால், அதை ரிவெட் அடித்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் புதுக் கேபினட், 4,800. பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கார்டுக்குத் தேவையான 8 பின் கேபிள் ஒன்று குறைந்தது, புதுசு 6,200. எல்லாம் மாட்டி ஓட விட்டால் சில கேம்களில் கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ப்ராசசரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2023-இல் ரைசன் 5 5600, 12,500. போர்டு கழன்றிருக்கும்போதே போட்டுவிடலாமே என்று இன்னொரு 16 ஜிபி ரேம், 3,600.

கூட்டினால் 1,40,600. பழைய கார்டை விற்று 9,000 வந்தது. இதில் எதையும் நான் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை, அந்தக் கடைசி ரேமைத் தவிர. ஒவ்வொன்றும் முந்தையதற்குத் துணையாக வந்தது. 17,500 ரூபாய் மானிட்டர்தான் பின்னாலேயே 65 ஆயிரத்தை இழுத்துக்கொண்டு வந்தது.

அப்போ மானிட்டர் வாங்குனதுதான் தப்பா?

தப்பென்று சொல்ல மாட்டேன், கண்ணுக்கு அவ்வளவு சுகம். ஆனால் அப்கிரேடு என்றாலே எல்லாரும் கார்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். செலவைத் தீர்மானிப்பது மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் கார்டு வேலை செய்தாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் விநாடிக்கு 60 படம் வந்தால் போதும். 144 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டால் 144 வரவில்லையே என்று மனசு அரிக்கும்.

அதனால் மானிட்டர் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை ஓட்டும் கார்டின் விலை என்ன? அந்தப் பணம் இரண்டு வருஷத்துக்குள் கையில் வராது என்றால் 1080பி-யிலேயே 144 ஹெர்ட்ஸ் வாங்குங்கள். வழவழப்பும் கிடைக்கும், கார்டும் பிழைக்கும்.

அமெரிக்காவுல 549 டாலர்னு போட்டிருக்கான். இங்க ஏன் 59 ஆயிரம்?

என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு பற்றிய கேள்வி இது. 2025 மார்ச்சில் வந்தபோது டாலர் ஏறக்குறைய 87 ரூபாய். 549-ஐ 87-ஆல் பெருக்கினால் 47,763. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 56,360. மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் கப்பலும் விநியோகஸ்தரும். அமெரிக்கர்கள் சொல்லும் விலையில் அவர்களுடைய விற்பனை வரி சேராது, பில் போடும்போதுதான் ஏறும். நம் விலையில் எல்லாம் உள்ளடக்கம். ஆகவே நினைக்கிற அளவுக்குக் கொள்ளை இல்லை. இதுவும் ஆரம்ப விலைதான். மூன்று ஃபேன், கூடுதல் லைட் வைத்த மாடல்களுக்கு மேலே வைத்து விற்பார்கள்.

அக்கா நியூ ஜெர்சியில இருக்கா, வரும்போது வாங்கிட்டு வரச் சொல்லவா?

வாரன்டியை முதலில் பாருங்கள். பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில்தான் வாரன்டி தருகின்றன. 50 ஆயிரம் ரூபாய்ப் பொருள் பழுதானால் திரும்ப அக்காவிடமே அனுப்ப வேண்டியிருக்கும். சுங்கத்தில் நிறுத்தினால் அந்தப் பேச்சையும் அக்காதான் கேட்க வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி மிச்சமாகப் போவதும் பெரிதாக ஒன்றும் இல்லை.

முன்னெல்லாம் கார்டு இவ்வளவு விலை இல்லையே?

இல்லைதான். என்விடியாவில் எண் '70' என்று முடியும் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2014-இல் ஜிடிஎக்ஸ் 970, 329 டாலர். 2016-இல் 1070, 379. 2018-இல் 2070, 499. 2020-இல் 3070, அதே 499. 2023-இல் 4070, 599. 2025-இல் 5070, 549. டாலரில் பார்த்தால் பத்து வருஷத்தில் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை. ஆனால் 2014-இல் டாலர் 61 ரூபாய் அளவில் இருந்தது. ரூபாயில் மாற்றினால் 20 ஆயிரமாக இருந்தது 47 ஆயிரத்தைத் தாண்டுகிறது. நம் பாக்கெட்டில் கை வைத்ததில் கார்டு கம்பெனிக்கும் பங்குண்டு, ரூபாய்க்கும் பங்குண்டு.

உச்சாணிக் கொம்பில் இருக்கும் கார்டுகளின் கதை வேறு. 2017-இல் 1080 டிஐ 699 டாலர். 2025-இல் 5090, 1,999 டாலர். இடையில் 2020, 2021-இல் கிரிப்டோ மைனிங் (கார்டை ஓடவிட்டு கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) செய்கிறவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டதும் அந்தப் பேய் ஓய்ந்தது. மூச்சு விடுவதற்குள் ஏஐ வந்துவிட்டது. ஒரே தொழிற்சாலை, ஒரே சிலிக்கான்; கேமருக்கு விற்பதைவிட டேட்டா சென்டருக்கு விற்றால் பல மடங்கு காசு. நாம் வரிசையில் பின்னால் போய்விட்டோம்.

ரேம் விலை ஏன் திடீர்னு பைத்தியம் பிடிச்ச மாதிரி ஏறிடுச்சு?

மேலே சொன்ன அதே ஏஐதான். ஏஐ சிப்புகளுக்குத் தேவையான வேறு வகை மெமரியைச் செய்வதற்குத் தொழிற்சாலைகள் திரும்பிக்கொண்டன. உலகத்தின் ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். 2025 கடைசி மாதங்களில் டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேமின் விலை சில மாதங்களுக்கு முன் இருந்ததைப்போல மூன்று மடங்கைத் தாண்டியது. அந்த டிசம்பரில், நாம் கடையில் வாங்கும் குரூசியல் பிராண்டு ரேம் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக மைக்ரான் அறிவித்தது.

நான் 3,600 ரூபாய்க்குத் தேவையில்லாமல் வாங்கிப் போட்ட அந்த 16 ஜிபி இப்போது நகை மாதிரி இருக்கிறது. கையில் நல்ல ரேம் இருந்தால் விற்காதீர்கள். புது பிசி கட்டினாலும் அதை எடுத்துப் போட முடியுமா என்று பார்த்துவிட்டு ப்ராசசரைத் தேர்ந்தெடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் 650 வாட்னு எழுதி 1,800 ரூபாய்க்குத் தர்றாங்க. இது போதாதா?

பெட்டி மேல் எழுதுவதற்கு எண்ணுக்குப் பஞ்சமா? ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், கார்டும் ப்ராசசரும் மின்சாரம் எடுக்கும் 12 வோல்ட் வரிசையில் எத்தனை வாட் என்று பாருங்கள். நல்ல 650 வாட்டில் 12 வோல்ட்டிலேயே ஏறக்குறைய முழு 650-உம் கிடைக்கும். மட்டமானதில் அங்கே 300, 350 என்று இருக்கும். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்குத்தான். தரத்துக்கு அது மட்டுமே சான்று ஆகாது.

இப்போதைய கார்டுகள் நொடியில் ஒரு சிறு பங்குக்குத் தன் அளவைவிட அதிகமாக மின்சாரத்தை உறிஞ்சும். மட்டமான எஸ்எம்பிஎஸ் அப்போது பிசியை அணைத்துவிடும், இல்லாவிட்டால் தன்னோடு இன்னொரு பார்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஐந்து வருஷமாவது வாரன்டி தருகிற எஸ்எம்பிஎஸ்ஸாக வாங்குங்கள். அடுத்த இரண்டு அப்கிரேடுக்கும் அதுவே உழைக்கும். இந்த லிஸ்ட்டிலேயே ஒரு தடவை செலவழித்தால் மறந்துவிடக்கூடிய பார்ட் இது ஒன்றுதான்.

ஒரு வெப்சைட்ல போட்டுப் பார்த்தேன், 23% பாட்டில்நெக்னு காட்டுது. ப்ராசசரை மாத்தணுமா?

பாட்டில்நெக் என்றால் ஒரு பார்ட் பின்தங்கி இன்னொன்றையும் பிடித்து இழுப்பது. ஆனால் அந்த சதவீதத்தைத் தூக்கிப் போடுங்கள். எந்த கேம், எந்த ரெசல்யூஷன் (எத்தனை பிக்சல்) என்று தெரியாமல் எந்தக் கால்குலேட்டராலும் அதைச் சொல்ல முடியாது. நீங்களே பார்க்கலாம். ஆடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைத் திரை ஓரத்தில் காட்டச் சொல்லுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது, ப்ராசசரைத் தொட வேண்டாம். 60, 70-இல் தள்ளாடினால், விநாடிக்கு இத்தனை படம்தான் என்று ஃபிரேம் லிமிட் எதுவும் போடவில்லை என்றால், ப்ராசசர் பின்தங்குகிறது.

இன்னொரு வழி: ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் குறை கார்டிடம். அசையவே இல்லையென்றால் ப்ராசசரிடம். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. இதைச் செய்து பார்த்துவிட்டுப் பாதிப் பேர் ஒன்றும் வாங்காமல் போயிருக்கிறார்கள்.

மதர்போர்டை மாத்தாம ப்ராசசர் மட்டும் மாத்தலாமா?

சாக்கெட்டை, அதாவது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. எனக்கு முடிந்ததற்குக் காரணம் ரைசன் ப்ராசசர் செய்யும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-இல் வந்த ரைசன் முதல் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை அந்த ஒரே சாக்கெட். பழைய ப்ராசசர் மாட்டியிருக்கும்போதே போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்துகொள்ள வேண்டும். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

இன்டெலில் சாக்கெட் சீக்கிரம் மாறும். 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு ஒரு சாக்கெட், அதற்கடுத்த கோர் அல்ட்ரா 200-க்கு வேறு. 7-இலிருந்து 8-ஆம் தலைமுறைக்குப் போனபோது சாக்கெட்டின் பெயர் ஒன்றாகவே இருந்தும் பழைய போர்டில் ஓடவில்லை. போர்டு மாறினால் பெரும்பாலும் ரேமும் மாறும். ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டும்தான் உட்காரும். இப்போதைய ரேம் விலையில் அது எங்கே கொண்டு விடும் என்று மேலே பார்த்தோம். பழைய டிடிஆர்4 ரேம் போட்ட ஏஎம்4 பிசி வைத்திருப்பவர்கள் அதே போர்டில் போடக்கூடிய நல்ல ப்ராசசரைத் தேடுவது உத்தமம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? மைனிங்ல ஓட்டுனதா இருக்கும்னு பயமா இருக்கு.

வாங்கலாம். மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே செத்த கார்டு இல்லை. தேய்வது பெரும்பாலும் ஃபேனும், சிப்புக்கு மேல் தடவும் பேஸ்ட்டும், மெமரி மேல் ஒட்டும் பேடும்தான். அவற்றை மாற்றிவிடலாம். மெமரி வருஷக்கணக்கில் கொதித்திருந்தால்தான் ஆபத்து.

விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். திரையில் பொட்டுப் பொட்டாகக் கலர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் ஒரு தடவை கூரியரில் வாங்கி ஏமாந்தேன். படத்தில் ஒரு கார்டு, வந்தது அதே மாடலின் துருப்பிடித்த வேறொரு கார்டு. கடலோரத்தில் இருந்திருக்க வேண்டும், ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்திருந்தது. அதிலிருந்து கண்ணால் பார்க்காமல் வாங்குவதில்லை.

என் கார்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா புது கேம் ஓப்பனே ஆகல. ஏன்?

வேகம் போதாதது ஒரு பிரச்சினை, வசதியே இல்லாதது இன்னொரு பிரச்சினை. சில புது கேம்களுக்கு, ஒளியையும் நிழலையும் நிஜம்போல வரைய உதவும் ரே ட்ரேசிங் ஹார்டுவேர் கட்டாயம். 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' அப்படி. 2017-இன் ராஜாவான 1080 டிஐ-யில் அந்த வசதி இல்லை. அதைவிடச் சுமாரான 2060-இல் உண்டு. பலம் இருந்தும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

விண்டோஸ் பக்கத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெலில் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 முதல்தான் பட்டியலில் இருக்கும். வேலரண்ட் ஆடுகிறவர்கள் விண்டோஸ் 11-இல் டிபிஎம்மையும் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு செட்டிங்கையும் ஆன் செய்தாக வேண்டும். புது போர்டு வாங்க ஓடுவதற்கு முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். நிறையப் பேருக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் ஆன் பண்ணிட்டு அப்கிரேடைத் தள்ளிப்போடலாமா?

தாராளமாக. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை அது. டிஎல்எஸ்எஸ் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும் ஓடும். 2025 ஜனவரியில் வந்த தெளிவான புது மாடல் பழைய ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் கிடைத்தது. ஏஎம்டி தரும் எஃப்எஸ்ஆரின் பழைய பதிப்புகள் ஜிடிஎக்ஸ் கார்டுகளிலும் ஓடும். 'குவாலிட்டி' என்ற அளவில் வைத்தால் ஆட்டத்தின் நடுவில் குறை கண்ணில் படாது.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சமாச்சாரம். இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு படத்தைக் கற்பனையாகச் செருகும். 60 வந்துகொண்டிருந்தால் அதை அழகாக்கும். 25 வருகிற இடத்தில் போட்டால் எண் மட்டும் 50 காட்டும், கை அசைவு 25-ஆகவே கனக்கும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

பிசி மொத்தமாக 400 வாட் இழுக்கிறது, தினமும் மூணு மணி நேரம் ஆடுகிறீர்கள் என்றால் இரண்டு மாத பில்லில் 72 யூனிட். தமிழ்நாட்டில் ஸ்லாப் முறை என்பதால் உங்கள் வீடு ஏற்கெனவே எத்தனை யூனிட்டில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ரூபாய் மாறும். 500-ஐ ஒட்டி நிற்கிற வீட்டில் இந்த 72 யூனிட் ஸ்லாப்பையே மாற்றிவிடும், கவனம். அப்புறம், அந்த 400 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது. ஏசிக்கு ஆகும் செலவை யாரும் கேமிங் கணக்கில் எழுதுவதில்லை.

இதுக்குப் பேசாம பிஎஸ்5 வாங்கிடலாமே?

கேம் ஆடுவது மட்டும்தான் நோக்கம் என்றால், ஆமாம். 2021 பிப்ரவரியில் அந்த சோனி கேம் கன்சோல் இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய். அப்புறம் விலை ஏறியது. ஆனால் உள்ளே எந்த பார்ட்டும் உங்களை இன்னொரு பார்ட் வாங்கச் சொல்லாது. கேம்களின் விலை பிசியைவிடக் கூடுதல், காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் ஆடச் சந்தாவும் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் படிப்புக்கும் எப்படியும் கம்ப்யூட்டர் வேண்டும் என்பவர்களுக்குத்தான் பிசி கட்டுபடியாகும். என்னைப் போல ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதிலேயே பாதிச் சந்தோஷம் உள்ளவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்ல எப்படிச் சொல்றது?

உண்மை விலையைச் சொல்லுங்கள். "பழைய பார்ட்டை எக்ஸ்சேஞ்ச் பண்ணேன், நாலாயிரம்தான்" என்று நான் சொன்ன கார்டின் பில்லை என் மனைவி அந்த இனிப்புப் பெட்டியில் பார்த்தாள். அதற்கப்புறம் வாஷிங் மெஷின் வந்தது. நியாயம்தான்.

மிச்சமான பழைய பார்ட்ஸை வச்சு இன்னொரு பிசி கட்டலாமா? சும்மாதானே கிடக்கு?

சும்மா கிடக்கிற பார்ட்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து. என்னிடம் மிஞ்சியது ரைசன் 2600, 450 வாட் எஸ்எம்பிஎஸ், ரிவெட் கூண்டு வைத்த கேபினட், அந்த 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். திருநெல்வேலியில் இருக்கும் அக்கா பையனுக்கு இதை வைத்தே ஒரு பிசி தேற்றிவிடலாம் என்று 2023 கடைசியில் இறங்கினேன். செகண்ட் ஹேண்ட் போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கார்டு என்று 14,000 ஆனது. 9,000-க்கு விற்ற 1660-ஐ வைத்திருந்தால் அந்தக் கார்டுச் செலவாவது மிஞ்சியிருக்கும். அப்படியே கட்டுகிறீர்கள் என்றாலும் இல்லாத பார்ட்டுகளை முதலில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஒரு செகண்ட் ஹேண்ட் முழு பிசியின் விலையில் பாதியைத் தாண்டினால், இருப்பதை விற்றுவிட்டு அதை வாங்குவது லாபம்.

பையனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. போன வருஷம் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன் என் பிசியில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, "மாமா, உங்க ஸ்க்ரீன்ல மட்டும் ஏன் இப்படி வழுக்கிட்டுப் போகுது?" என்றான். 60 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடாத கேபிளாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.